வெலோட்ரோம்ல சைக்கிள் தடம் ஏன் சுவர் மாதிரி சாஞ்சிருக்கு?

வெலோட்ரோம்னா சைக்கிள் ரேஸுக்குன்னே கட்டுற முட்டை வடிவ தடம், ஒலிம்பிக் மாதிரி பெரிய போட்டின்னா ஒரு சுத்து 250 மீட்டர். நம்ம மலேசியாவுல, நீலாய்ல 2017 சீ கேம்ஸுக்காக (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) கட்டுனதும் அந்த வகைதான், கூரைக்குள்ள மரப்பலகைத் தடம், மழை காத்து எதுவும் அண்டாது. அந்த வருஷமே நம்ம சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் கெய்ரின்ங்கிற தடச் சைக்கிள் ரேஸ்ல உலக சாம்பியன் ஆனாரு, இப்ப நெனச்சாலும் பெருமையா இருக்கு!

சரி, வளைவுல ஏன் 42, 45 டிகிரி சாய்வு? வேகமா போற எதுவும் நேராத்தான் போகப் பார்க்கும், திருப்பணும்னா உள்பக்கமா ஒரு தள்ளு வேணும், சமதரைன்னா அத டயரோட பிடிப்பு மட்டும்தான் குடுக்கணும், 60, 70 கிலோமீட்டர் வேகத்துல அவ்ளோ சின்ன வளைவுக்கு அது பத்தாம வழுக்கிரும். தடத்தையே சாய்ச்சுட்டா தரையே உள்பக்கமா தள்ளிவிடும். தோட்டத்து செம்மண் சடக்குல பால்மரத்துக்கு நடுவுல வளையுறப்ப மோட்டர சாய்ப்போம்ல, அங்க நாம மட்டும் சாயுறோம், இங்க சடக்கும் சேர்ந்து சாயுது.

நெறைய பேரு மெதுவா போனா பயமில்லன்னு நெனைக்கிறாங்க, ஆனா அந்த வளைவுல ரொம்ப மெதுவா போனாத்தான் டயர் சறுக்கி கீழ விழுவீங்க.