உள்ளங்கையில் அடங்கும் கரடிகள்: கேள்வி பதில்

ஐந்து அங்குலத்துக்குள் இருக்கும் டெடி கரடிகளை இருபது வருடங்களுக்கு மேலாகச் சேர்த்துவருகிறேன். பழைய ஜெர்மன், ஆங்கிலேயக் கரடிகள்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மதுரை): எனக்கு 41 வயது, வங்கியில் வேலை. அலமாரியில் ஒன்பது குட்டிக் கரடிகள் வைத்திருக்கிறேன். “இந்த வயசுல பொம்மையா?” என்று மாமியார் கேட்கிறார். என்ன சொல்வது?

பெரியவர்களுக்கென்றே கரடி செய்து நூறு வருடம் ஆகிறது என்று சொல்லுங்கள். ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் 1912-ல் தொடங்கிய ஷூகோ பொம்மை நிறுவனம், 1920-களில் பெண்களின் கைப்பைக்காகவே குட்டிக் கரடிகள் செய்தது. ஒன்றின் தலையைத் தூக்கினால் உள்ளே செண்ட் குப்பி. இன்னொன்றின் வயிற்றைத் திறந்தால் பவுடரும் முகம் பார்க்கும் கண்ணாடியும். குழந்தைக்கு எதற்கு செண்ட் குப்பி?

என்னிடம் இருப்பது குப்பி இல்லாத சாதாரண வகை, 6 சென்டிமீட்டர் உயரம். கையில் எடுத்ததும் முதலில் தெரிவது அதன் கனம், உள்ளே இருப்பது தகர உடம்பு. மூக்கின் இடது பக்கம் மட்டும் ரோமம் தேய்ந்து தகரம் மினுங்குகிறது. வலது கைக்காரர் ஒருவர் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். உங்கள் ஒன்பதில் ஒன்றை மாமியார் கையில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி (சென்னை): அமெரிக்காவின் டை (Ty) பொம்மை நிறுவனத்தின் ஊதா நிற ‘பிரின்சஸ்’ கரடி என்னிடம் இருக்கிறது. லட்சக்கணக்கில் போகுமாமே?

போகாது. இளவரசி டயானாவின் நினைவாக 1997-ல் அறிவிக்கப்பட்டு, ஏராளமாகச் செய்து விற்கப்பட்ட கரடி அது. நெஞ்சில் வெள்ளை ரோஜா தைத்திருக்கும், அழகான கரடிதான். ஆனால் நீங்கள் இணையத்தில் பார்ப்பது விற்பவர் கேட்கும் விலை. ஏல இணையதளங்களில் ‘விற்று முடிந்தவை’ என்ற பிரிவு இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சில டாலர்கள்தான். டேக்கில் எழுத்துப்பிழை இருந்தால் அபூர்வம் என்பதையும் நம்ப வேண்டாம். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை): ரோமத்தில் சின்னச் சின்ன ஓட்டை விழுகிறது. பீரோவில் அந்துருண்டை போட்டு வைக்கலாமா?

வேண்டாம். அந்துருண்டையின் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வாடை ரோமத்தில் ஏறினால் வருடக்கணக்கில் போகாது. நம் மூச்சுக்கும் நல்லதில்லை.

பழைய கரடிகளின் ரோமம் மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டு முடி. அந்துப்பூச்சியின் புழுவுக்கும் கம்பள வண்டின் புழுவுக்கும் அதுதான் சாப்பாடு. கரடியை ஒரு பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் பையில் காற்றை எடுத்து மூடி, −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் ரோமத்தில் ஈரம் கோக்காது. தகர உடம்புக் கரடியை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், துருப்பிடிக்கும்.

கேள்வி (பெங்களூரு): காதில் பொத்தான், வெள்ளை லேபிள். அப்படியானால் ஜெர்மன் ஸ்டைஃப் நிறுவனத்தின் பழைய கரடிதானே?

வெள்ளையைப் பார்த்ததும் பழசு என்று முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். ஸ்டைஃப் நிறுவனம் காதில் பொத்தான் வைக்கத் தொடங்கியது 1904-ல். தொடக்கத்தில் பொத்தானில் யானை உருவம் இருந்தது. நிறுவனர் மார்கரெட் ஸ்டைஃப் 1880-ல் முதலில் விற்ற பொருளே ஃபெல்ட் துணி யானைதான், குண்டூசி குத்திவைக்க. பிறகு எழுத்தே இல்லாத பொத்தான் வந்தது, அதன்பின் நிறுவனப் பெயர் பொறித்தது. லேபிள் 1926 வரை வெள்ளை, 1934 வரை சிவப்பு, அப்புறம் மஞ்சள். ஆனால் இன்றைக்கும் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் கரடிகளுக்கும் பழைய மாதிரியின் நகல்களுக்கும் வெள்ளை லேபிள்தான் போடுகிறார்கள். உங்களுடையது அந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பொத்தான் இல்லாததால் ஒரு கரடி போலி ஆகிவிடாது. குழந்தை விழுங்கிவிடும் என்று பயந்து எத்தனையோ பெற்றோர் அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

கேள்வி (திருச்சி): என்னிடமும் ‘பிரின்சஸ்’ இருக்கிறது, டேக் புதுசாகவே இருக்கிறது.

சென்னைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி (சேலம்): டெடி என்ற பெயர் எப்படி வந்தது?

1902 நவம்பரில் மிசிசிப்பிக்கு வேட்டைக்குப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், கட்டிப்போட்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். அதை கிளிஃபர்ட் பெரிமன் வாஷிங்டன் போஸ்ட்டில் கார்ட்டூனாகப் போட்டார். ரூஸ்வெல்ட்டின் ‘டெடி’ என்ற செல்லப்பெயர் பொம்மைக் கரடிக்கு ஒட்டிக்கொண்டது.

கேள்வி (சிங்கப்பூர்): 1930-களின் ஆங்கிலேயக் கரடி ஒன்று வாங்கினேன். ஒரே அழுக்கு. மென்மையான சோப்பில் அலசலாமா?

கூடாது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கரடிகள் பலவற்றின் உள்ளே இருப்பது கப்போக், நம் இலவம்பஞ்சு. இலவம்பஞ்சுத் தலையணையை யாராவது துவைப்போமா? கட்டி தட்டிவிடும். அழுத்தும்போது நறநறவென்று கேட்டால் உள்ளே மரச்சுருள், நனைந்தால் அது ஊறிப் பூசணம் பிடிக்கும். தலையணை மாதிரி வெயிலில் போடவும் கூடாது, நிறம் வெளுத்துவிடும்.

(அவரே மறுபடி): ஏற்கவில்லை. அழுக்கும் வியர்வை உப்பும் இழையை அரிக்கும். அழுக்கோடு வைத்திருப்பது சோம்பேறித்தனம்.

அழுக்கு அரிக்கும் என்பது உண்மைதான். அதற்குத் தண்ணீர் தீர்வில்லை என்கிறேன். வாக்குவம் குழாயின் வாயில் நைலான் வலையைக் கட்டி, மிகக் குறைந்த வேகத்தில், ரோமத்தைத் தொடாமல் இழுங்கள். பிறகு மென்மையான பிரஷ். பாதி அழுக்கு போகும். மீதி இருக்கட்டும்.

(டொராண்டோவிலிருந்து இன்னொருவர்): நான் சிங்கப்பூர் நண்பர் பக்கம். என் கரடிக்குப் புது மூக்கு, புதுப் பாதம், புதுக் கண் போட்டேன். பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா?

நன்றாக இருக்கும், நம்புகிறேன். ஆனால் பழைய மூக்கு எத்தனை இழையில், எந்தத் திசையில் தைத்திருந்தது என்பதை வைத்தே யார் செய்த கரடி என்று பல சமயம் அடையாளம் கண்டுபிடிக்கிறோம். கண் பழைய பூட்ஸ் காலணியின் பொத்தானா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்பது காலத்தைச் சொல்லும். மூன்றையும் மாற்றிவிட்டால் எதை வைத்துப் படிப்பது? எடுத்த பழைய பாகங்கள் இன்னும் இருந்தால், தயவுசெய்து ஒரு உறையில் போட்டுக் கரடியோடே வையுங்கள்.

(சிங்கப்பூர்): அப்படியானால் பிரிந்த தையலையும் விட்டுவிடுவதா?

இல்லை, இதில் நீங்கள் சொல்வது சரி. பஞ்சு கொட்டும் தையலை உடனே மூட வேண்டும். பழைய ஊசித்துளைகள் வழியாகவே, பருத்தி நூலில், நாளைக்குப் பிரிக்க முடிகிற மாதிரி தைக்க வேண்டும். மேலும் சேதமாகாமல் நிறுத்தும் வேலை அது. நான் எதிர்ப்பது புதுசாக்கும் வேலையை. நான் தொடங்கிய வருடம் ஒரு குட்டிக் கரடியை வெந்நீரில் அலசினேன். இரண்டு நாளில் காது கையோடு வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (கொழும்பு): நானே சிறிய கரடி தைக்க ஆசை. ஒரு குறிப்பு சொல்லுங்கள்.

துணியின் பின்பக்கம் வரைந்து, கத்தரி நுனியால் அடித்துணியை மட்டும் வெட்டுங்கள். ரோமத்தையும் சேர்த்து வெட்டினால் தையல் ஓரம் மொட்டையாகத் தெரியும். இந்த அளவில் அதை மறைக்க முடியாது.

கேள்வி: லபுபு பொம்மை வாங்கலாமா? / வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி எவ்வளவு?

முதலாவது என் துறை அல்ல. இரண்டாவதுக்கு சுங்க முகவரைக் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): ‘பிரின்சஸ்’ கரடியை அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். விலை?

அந்துருண்டையை இன்றைக்கே எடுங்கள். விலைக்கு மேலே படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மலேயாவில் வேலை பார்த்த தாத்தா அம்மாவுக்கு வாங்கி வந்த கரடி. பொத்தான், லேபிள் எதுவும் இல்லை. ஒரு கண் போய்விட்டது. இதற்கு மதிப்பு உண்டா?

இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். 1994-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ‘டெடி கேர்ள்’ என்ற 1904-ம் வருட ஸ்டைஃப் கரடி 1,10,000 பவுண்டுக்குப் போனது. கர்னல் பாப் ஹெண்டர்சன் என்பவர் குழந்தைப் பருவத்திலிருந்து வாழ்நாள் முழுக்க வைத்திருந்த கரடி அது. கரடியோடு அந்தக் கதையும் சேர்ந்துதான் ஏலத்துக்கு வந்தது.

உங்கள் கரடிக்கு அந்த விலை வராது. ஆனால் கதை இருக்கிறது, அதைச் சொல்ல அம்மாவும் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம் வந்தது, என்ன பெயர் வைத்தார், கண் எப்படிப் போனது, எல்லாவற்றையும் கேளுங்கள். அம்மா சின்ன வயதில் கரடியோடு இருக்கும் படம் கிடைத்தால் அதற்கு ஒரு நகல் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கரடியோடு வையுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரம் பட்டால் ரோமத்தில் இறங்கிவிடும்.