இரவு எங்கே நங்கூரம்?

சென்ற இதழில் கரையோரமாகத் தனிப் படகில் பயணம் செய்து ஆங்காங்கே இறங்கி ஊர் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். பகல் பொழுதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, இரவில் படகு எங்கே நிற்கும், எப்படி நிற்கும் என்பதை விட்டுவிட்டீர்களே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். குற்றச்சாட்டு நியாயமானதே. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஏழு நாட்களுக்குப் பாய்மரப் படகு ஒன்றை அமர்த்தவிருக்கிறோம். கரையோரத்தில் பதினான்கு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். நாளுக்கு இரண்டு இடம் என்ற கணக்கு சரிவருமா?

பதில்: சாலைப் பயணத்துக்குச் சரிவரும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு மணிக்கு ஐந்து அல்லது ஆறு கடல் மைல் செல்லும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஆகவே மணிக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர்தான். நிதானமாக மிதிக்கும் சைக்கிளைவிடக் குறைவு. வரைபடத்தில் முப்பது கடல் மைல் என்பது விரற்கடை தூரமாகத் தெரியும். கடலில் அது ஆறு மணி நேரம். இதோடு நங்கூரம் எடுப்பது, புதிய குடாவுக்குள் நுழைந்து இடம் தேடுவது, நங்கூரம் போட்டுச் சரிபார்ப்பது, ரப்பர் படகை இறக்கிக் கரைக்குப் போய் வருவது என ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இருபது கடல் மைல், ஓர் இடம், வாரத்தில் ஒரு நாள் காற்றுக்காக ஒதுக்கிய வெற்று நாள் என்பதே என் கணக்கு.

அதைவிட முக்கியமான திருத்தம் ஒன்று உண்டு. நீங்கள் பார்க்கும் இடங்களை முதலில் குறித்துவிட்டு, உறங்கும் இடங்களைப் பிறகு தேடுகிறீர்கள். இதைத் தலைகீழாக்குங்கள். ஏழு இரவுகளுக்கும் காற்றும் அலையும் தாக்காத ஏழு குடாக்களை முதலில் தேர்ந்தெடுங்கள். காற்றுத் திசை மாறினால் ஒதுங்குவதற்கு ஒவ்வொன்றுக்கும் மாற்றாக, வேறு திசை நோக்கிய இன்னொரு குடாவையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நடுவே எந்தக் கோட்டையும் எந்தக் கடற்கரையும் அகப்படுகின்றனவோ, அவைதான் உங்கள் சுற்றுலா. பிற்பகல் மூன்று மணிக்குள் குடாவுக்குள் இருப்பது நல்லது. வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் நீருக்கடியில் இருப்பது தெரியும்: வெளிர் பச்சையாக இருந்தால் மணல், கருத்த திட்டாக இருந்தால் கடற்புல், பழுப்பாக இருந்தால் பாறை. சூரியன் சாய்ந்து முகத்துக்கு நேரே வந்துவிட்டால், கடல் வெறும் வெள்ளித் தகடாகிவிடும். பாறை எங்கே என்று பாறைக்குத்தான் தெரியும்.

கேள்வி: நங்கூரத்தைப் போட்டுவிட்டால் படகு நின்றுவிடும்தானே? பிறகு எதற்காக இரவில் எழுந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள்?

பதில்: நங்கூரத்தின் எடைதான் படகைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது பலருடைய நம்பிக்கை. பன்னிரண்டு மீட்டர் படகின் நங்கூரம் ஏறக்குறைய இருபது கிலோ. படகோ எட்டு டன், பத்து டன். இருபது கிலோ இரும்பு தன் எடையால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. நங்கூரத்தின் அலகு மணலுக்குள் புதைந்து, இழுவிசை தரையை ஒட்டிக் கிடைமட்டமாக வரும்வரைதான் பிடி நிற்கும். இழுவை மேல்நோக்கி வந்தால், முளைக்குச்சியை நிமிர்த்திப் பிடுங்குவதுபோல் கழன்றுவிடும். எனவே பிடியை முடிவு செய்வது, நீங்கள் விட்டிருக்கும் சங்கிலியின் நீளம்.

ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி என்பது நடைமுறைக் கணக்கு; கயிறாக இருந்தால் ஏழு மடங்கோ அதற்கு மேலோ வேண்டும். இங்கே ஆழம் என்பது நீர்ப்பரப்பிலிருந்து அல்ல, சங்கிலி படகைவிட்டு இறங்கும் முன்முனையான அணியத்திலிருந்து. நீர் ஐந்து மீட்டர், அணியம் அதற்கு மேல் ஒரு மீட்டர் என்றால், மொத்தம் ஆறு. சங்கிலி முப்பது மீட்டர். கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமான ஓதம் இரவில் இரண்டு மீட்டர் ஏறும் என்றால், கணக்கு எட்டு மீட்டருக்கு, சங்கிலி நாற்பது. மாலையில் முப்பது மீட்டர் விட்டு நிம்மதியாகத் தூங்கியவர், நள்ளிரவில் பெருக்கு வந்ததும் பிடியின்றி நகரத் தொடங்குவது இந்தப் பத்து மீட்டர் குறைவால்தான்.

சங்கிலியை விட்டபின் படகைப் பின்னோக்கி மெல்ல இழுத்து, நங்கூரம் பிடித்ததும் எஞ்சினின் விசையைக் கூட்டி ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். அப்போது முன்னே பார்க்காதீர்கள், பக்கவாட்டில் பாருங்கள். கரையில் ஒரு மரம், அதற்கு நேர் பின்னால் குன்றின்மேல் ஒரு பாறை. இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் படகு நிற்கிறது. பாறை மரத்தைவிட்டு விலகி நடந்தால், நடப்பது பாறை அல்ல. சங்கிலியின்மேல் உள்ளங்கையை லேசாக வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. பிடித்திருக்கும் சங்கிலி இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகும். இழுபடும் நங்கூரத்தின் சங்கிலியோ கப்பிச்சாலையில் போகும் வண்டியைப்போலத் தடதடவென்று கைக்குள் அதிரும். ஒருமுறை அந்த அதிர்வை உணர்ந்தவருக்குத் தூக்கத்திலும் அது அடையாளம் தெரியும். என் முதல் பயணத்தில், பாறைமேல் சங்கிலி சும்மா உரசிய ஒலிக்கே மூன்று முறை எழுந்து ஓடினேன். நான்காம் முறை நங்கூரம் உண்மையிலேயே நகர்ந்தபோது அயர்ந்து தூங்கிவிட்டேன். பக்கத்துப் படகுக்காரர் கத்தித்தான் எழுந்தேன்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காற்று திரும்பினால் படகும் நங்கூரத்தைச் சுற்றி வட்டமடிக்கும். நாற்பது மீட்டர் சங்கிலியும் பன்னிரண்டு மீட்டர் படகும் சேர்ந்தால், அந்த வட்டத்தின் ஆரம் ஐம்பது மீட்டர் அளவுக்கு வரும். அதற்குள் பாறையும் இருக்கக் கூடாது. அடுத்த படகின் வட்டமும் வந்து வெட்டக் கூடாது.

கேள்வி: நாங்கள் அமர்த்திய படகின் கேப்டன், வானம் துல்லியமாக நீலமாக இருந்தும் இரண்டு நாட்கள் துறையைவிட்டுக் கிளம்ப மறுத்துவிட்டார். பணம் வீணானது. இது சோம்பலா?

பதில்: நீங்கள் சென்ற கடல் எது என்று எழுதவில்லை. ஆனால் நீல வானத்தைச் சான்றாகக் காட்டுவது சரியல்ல. கோடையில் ஏஜியன் கடலில் வீசும் மெல்தெமி என்னும் வாடைக்காற்று, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேகமே இல்லாத வானத்தின் கீழ் நாட்கணக்கில் வீசும். பால்கன் பகுதியின் உயரழுத்தத்துக்கும் துருக்கியின் மேல் உள்ள தாழ்வழுத்தத்துக்கும் இடையே பிறப்பதால், மழையும் இடியும் அதற்கு முன்னறிவிப்பாக வருவதில்லை. ஏட்ரியாட்டிக் கடலின் போரா காற்றும் அப்படித்தான். மலைத்தொடருக்கு அப்பால் தேங்கிய குளிர்ந்த காற்று, கணவாய்கள் வழியாகக் கடலை நோக்கிக் கொட்டும். குரோவேஷியாவின் வெலெபித் மலைமுகட்டில் தலைப்பாகை கட்டியதுபோல் மேகப்பட்டை படிந்தால், அங்குள்ள கடலோடிகள் துறையைவிட்டு நகர மாட்டார்கள். அந்த ஒற்றைப் பட்டையைத் தவிர மற்ற வானம் முழுதும் நீலமாகவே இருக்கும்.

கிளம்ப மறுக்கும் கேப்டனை நான் நம்புவேன். எப்போது கேட்டாலும் “போகலாம்” என்பவரிடம்தான் எனக்குத் தயக்கம். ஆனால் காரணத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; வானிலை அறிக்கையைக் காட்டி விளக்குவது அவர் கடமை.

கேள்வி: கேப்டன் இல்லாமல் நாங்களே ஓட்டிச் செல்ல முடியுமா?

பதில்: நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரிட்டனில் சொந்த உல்லாசப் படகைக் கடலில் ஓட்டுவதற்குப் பொதுவாக உரிமம் கேட்பதில்லை. குரோவேஷியாவில் உரிமமும் வேண்டும், படகுகள் தங்களுக்குள் பேசும் வி.எச்.எஃப். வானொலியை இயக்கும் சான்றும் வேண்டும். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத் தீர்மானத்தின்படி வழங்கப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றைப் பல ஐரோப்பிய நாடுகள் ஏற்கின்றன. சான்று கையில் இருந்தாலும், முதல் பயணத்துக்கு உள்ளூர்க் கேப்டனை அமர்த்துவதே என் பரிந்துரை. அவரோடு போனாலும், வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது எப்படி என்பதைப் படகில் இன்னும் ஒருவராவது கற்றிருக்க வேண்டும். கடலில் விழுபவர் கேப்டனாகவும் இருக்கலாம்.

கேள்வி: முதல் பயணத்துக்கு எந்தக் கரை ஏற்றது?

பதில்: அழகை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஓதத்தையும் ஆழத்தையும் வைத்துத் தேர்ந்தெடுங்கள். பிரான்சின் சேன் மாலோ கரையில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் மிதந்த இடத்தில் மதியம் நடந்து போகலாம். அதைக் கணக்கிட்டுப் பயணம் செய்வது தேர்ந்தவர்களின் விளையாட்டு. நார்வேயின் சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கிச் செல்கிறது. அலை தாக்காது என்றாலும், ஆழம் 1,300 மீட்டரைத் தொடுகிறது. பல இடங்களில் கரையின் பாறை செங்குத்தாக அப்படியே கீழே இறங்கிவிடுவதால், நங்கூரம் போடத் தரையே அகப்படாது. மரத்துறையிலோ கரைப்பாறையிலோ கட்டித்தான் நிற்க வேண்டும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது துருக்கியின் லிசியக் கரையும் குரோவேஷியாவின் தால்மேஷியக் கரையும். இரண்டிலும் ஓதம் மிகக் குறைவு. ஒதுங்கும் குடாக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. தீவுகள் அலையை மறித்து நிற்கின்றன. லிசியக் கரையில் ஃபெத்தியேயின் பாறைக் கல்லறைகளைப் பார்த்துவிட்டுக் கிழக்கே கேகோவா வரை போனால், நிலநடுக்கத்தில் அமிழ்ந்த பழைய ஊரின் படிக்கட்டுகள் நீருக்குள் இறங்கிச் செல்வதைப் படகிலிருந்தே பார்க்கலாம். அந்த இடிபாடுகளின்மேல் நீந்துவதற்குத் தடை உண்டு. கேப்டன் மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எதிரே கண்ணுக்குத் தெரியும் தீவு வேறு நாட்டுடையது. ஒரு மணி நேரம் இறங்கிவிட்டு வரலாமா?

பதில்: கூடாது. துருக்கியின் காஷ் நகருக்கு எதிரே கிரேக்கத்தின் காஸ்தெலோரிசோ தீவு இருக்கிறது. அருகிலுள்ள கரைக்கும் அதற்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் ஒரு நாட்டில் வெளியேறும் முத்திரை பெற்று, படகில் நுழைவு அனுமதி கோரும் மஞ்சள் கொடி ஏற்றி, மறு நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட துறையில் நுழைவு முத்திரை பெற்ற பிறகே இறங்க முடியும். திரும்பும்போதும் அதே வரிசை. விசாவையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எனக்குக் கடல் குமட்டல் உண்டு.

பதில்: மாத்திரையை மருத்துவரைக் கேட்டுக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்; குமட்டல் தொடங்கியபின் பயனில்லை. கீழ் அறைக்குப் போகாதீர்கள். தொடுவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானைப் பிடியுங்கள்.

கேள்வி: கடற்புல்லின்மேல் நங்கூரம் போடக் கூடாது என்கிறார்களே, அது வெறும் புல்தானே?

பதில்: மத்தியதரைக் கடலில் வளரும் போசிடோனியா என்னும் அந்தக் கடற்புல்லின் வேர்த்தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நீளும். உங்கள் நங்கூரம் ஒரே இரவில் பெயர்த்தெடுக்கும் திட்டு மீண்டும் மூடுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் 2018இல் ஆணை பிறப்பித்து, அதன்மேல் நங்கூரமிடுவதைத் தடை செய்தன. உங்கள் சொந்த நலனுக்கும் அது நல்லதல்ல: புல்லின் மேற்பரப்பில் சிக்கிய நங்கூரம் பிடித்ததுபோலவே தோன்றி, காற்று வலுத்ததும் புல்லோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

கேள்வி: ரப்பர் படகில் கரைக்குப் போய்த் திரும்புவதில் கவனிக்க வேண்டியவை என்ன?

பதில்: விபத்துகள் பெரிய படகில் நடப்பதைவிட இந்த இருநூறு மீட்டரில்தான் அதிகம் என்பது என் அனுபவம். சின்னத் தொலைவு என்று லைஃப் ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போவார்கள். நால்வருக்கான படகில் ஆறு பேர் ஏறுவார்கள். எஞ்சினை நிறுத்தும் சாவிக்கயிறு ஓட்டுபவரின் மணிக்கட்டில் இருக்க வேண்டும்; அவர் தவறி விழுந்தால் மோட்டார் உடனே நின்றுவிடும்.

மணற்கரையில் இறங்கும்போது, கடலிலிருந்து பார்த்தால் அலையின் முதுகு மட்டுமே தெரியும். அது உடையும் வேகம் தெரியாது. எனவே சற்று வெளியே நின்று ஏழெட்டு அலைகளை எண்ணுங்கள். பெரியவை வரிசையாக வந்து போனபின் சிறிது ஓய்வு கிடைக்கும், அப்போது நுழையுங்கள். முழங்கால் ஆழம் வந்ததும் அவுட்போர்டு மோட்டாரைத் தூக்கிவிட்டு, இருவர் குதித்துப் படகைப் பிடிக்க வேண்டும். படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் கவிழும். படகுக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். அடுத்த அலை படகைத் தூக்கி உங்கள் கால்மேல் எறியும். கரையேற்றிய படகை, பெருக்கு ஒதுக்கிவிட்டுப் போன உலர்ந்த பாசிக்கோட்டுக்கும் மேலே இழுத்து, ஒரு பாறையில் கட்டிவிடுங்கள்.

திரும்பும்போது இருட்டிவிட்டால் வேறொரு சிக்கல். நங்கூரமிட்ட படகுகளெல்லாம் விதிப்படி எத்திசையும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கைத்தான் ஏற்றியிருக்கும். ஒருமுறை இருபது வெள்ளை விளக்குகளுக்கு நடுவே எங்கள் படகைத் தேடி, முற்றிலும் அந்நியமான ஒரு குடும்பத்தின் ஏணியில் ஏறி, அவர்களுக்கு மாலை வணக்கமும் சொன்னேன். இப்போதெல்லாம் கரைக்குக் கிளம்புமுன், பின்பக்கக் கம்பியில், கையெட்டும் உயரத்தில், சிறிய மஞ்சள் கைவிளக்கு ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் இறங்குகிறேன்.