வினிகர், சோடா, சோப்பு: மூன்றும் ஒரே பாட்டிலில் வேண்டாம்

கேள்வி: வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் கடையில் வாங்கும் கிளீனர்களை நிறுத்திவிட்டேன். ஒரு கப் வினிகர், ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, துருவிய சோப்பு, வாசனைக்கு யூகலிப்டஸ் தைலம் எல்லாவற்றையும் கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்திருக்கிறேன். கலக்கும்போது நன்றாகப் பொங்குகிறது. ஆனால் அடுப்பைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் பிசுக்கு போவதில்லை, துடைத்த இடத்தில் வெள்ளையாகப் படிகிறது. பளிங்கு மேடையை வெறும் வினிகரால் துடைக்கிறேன், அதுவும் மங்கிக்கொண்டே வருகிறது. எங்கே தவறு?

பதில்: பொருள்களில் தவறில்லை. அவற்றைச் சேர்த்து வைத்ததில்தான் தவறு.

வினிகர் அமிலம், சமையல் சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கட்டிவிடும். பொங்குவது அந்தச் சண்டையில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு வாயு. சாதாரண வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி சோடாவைச் செயலிழக்கச் செய்ய ஏறக்குறைய 200 மில்லி வினிகர் போதும். உங்கள் அளவு கிட்டத்தட்ட அதுவேதான்! பொங்கி அடங்கியதும் பாட்டிலில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். தண்ணீர் காய்ந்ததும் அந்த உப்பு வெள்ளையாகத் தெரிகிறது. கூடவே, மிச்சமிருக்கும் கொஞ்ச அமிலம் சோப்பைத் திரிய வைத்து, மெழுகு போன்ற கொழுப்பு அமிலமாக மாற்றிவிடும். பிசுக்கைத் துடைக்கப் போய் இன்னொரு பிசுக்கைத் தடவுகிறீர்கள். அந்தக் கலவையைக் கொட்டிவிடுங்கள், அதைச் சரிசெய்ய வழியில்லை. இன்னொன்று: பொங்கி முடிவதற்குள் மூடியை இறுக்கினால் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

எதை எதனுடன் கலப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, முன்னால் இருக்கும் அழுக்கு எந்த வகை என்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம், உப்புக்கறைக்கு அமிலம், பொதுவான தூசி தும்புக்குச் சோப்புத் தண்ணீர். வீட்டு வேலையில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

அடுப்பைச் சுற்றியுள்ள பழைய பிசுக்குக்குச் சமையல் சோடா போதாது, அது மென்மையான காரம். அதற்குச் சலவைச் சோடாதான் சரி. இதன் காரத்தன்மை பல மடங்கு அதிகம், எண்ணெயின் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, துணியை நனைத்துப் பிசுக்கின் மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். அப்புறம் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள். இந்த இரண்டாவது துடைப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கையுறை கட்டாயம், இல்லையென்றால் தோல் வறண்டு எரியும். அலுமினியப் பாத்திரத்தில் இது பட்டால் கறுத்துவிடும், வார்னிஷ் அடித்த மரத்திலும் வேண்டாம்.

சமையல் சோடாவுக்கு வேறு வேலை இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்தால் நல்ல தேய்ப்புப் பசை. அதன் துகள் கண்ணாடியைவிட மென்மையானது என்பதால் சிங்க், பீங்கான், அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றையும் பெரிய கீறல் இல்லாமல் தேய்க்கலாம். அதன் பலம் தேய்ப்பதில்தான், பொங்குவதில் இல்லை.

குழாய், ஷவர், கெட்டில் ஆகியவற்றில் படியும் வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இதை அமிலம் கரைக்கும். என்னைக் கேட்டால் வினிகரைவிட சிட்ரிக் அமிலத் தூள் மேல்: வாடை இல்லை, வேண்டும்போது வேண்டிய அளவு கரைத்துக்கொள்ளலாம். கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கொதிக்க வைத்து, அரை மணி நேரம் விட்டுக் கொட்டி, இரண்டு முறை அலசுங்கள். குழாய்க்கு, அரை லிட்டரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, நனைத்த துணியைச் சுற்றி இருபது நிமிடம் விட்டால் போதும். ராத்திரி முழுக்க விட்டால் உலோகப் பூச்சு கெடலாம். கழிப்பறைப் பீங்கானில் ராத்திரி முழுக்க விடலாம்.

இப்போது உங்கள் பளிங்கு மேடை. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். கறையும் கல்லும் ஒரே பொருள் என்பதால் அமிலம் இரண்டையும் சேர்த்தே கரைக்கும். மேடையில் தெரியும் மங்கல் அழுக்கு இல்லை, கல்லின் மேல்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் பளபளப்பு திரும்பாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் வரும். இனி அங்கே வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் அமிலம் எதுவும் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டுகளை ஒரு பாத்திரம் தண்ணீரில் விட்டுத் துடையுங்கள். கிரானைட் வேறு வகைக் கல், அமிலத்தை ஓரளவு தாங்கும். ஆனால் மேலே பூசிய சீலர் நாளடைவில் போய்விடும் என்பதால் அதற்கும் இதே முறைதான் பாதுகாப்பு.

சோப்புக்குப் பதில் முழுக்கத் தாவரப் பொருளாக வேண்டும் என்றால் பூந்திக்கொட்டை இருக்கிறது. அதிலுள்ள சபோனின் என்ற நுரை தரும் பொருள், உப்புத் தண்ணீரிலும் சோப்பைப் போல வெண்படலம் விடாது. விதை நீக்கிய பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டினால் தரைக்கும் பாத்திரத்துக்கும் ஆகும். கடும் பிசுக்கில் எதிர்பார்க்காதீர்கள். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், சீக்கிரம் புளித்தும் போகும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பழத்தோலையும் வெல்லத்தையும் ஊற வைத்துச் செய்யும் பயோ என்சைம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். செய்யலாம். நொதிக்கும்போது உருவாகும் அமிலம் அதில் பெரும்பங்கு வேலை செய்கிறது, ஆகவே மென்மையான வினிகர் என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள். பளிங்குக்கு அதுவும் ஆகாது. வாயு சேரும் என்பதால் கண்ணாடி ஜாடியில் இறுக மூடி வைக்காதீர்கள்.

அடைத்த சிங்க் குழாயில் சோடாவும் வினிகரும் ஊற்றும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொங்கும் சத்தம்தான் மிச்சம். சலவைச் சோடா கரைத்த சுடுதண்ணீர் கொழுப்பை இளக்கும். பிளாஸ்டிக் குழாய் என்றால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், இளகிவிடும்.

குழந்தைக்காகக் கிருமி பற்றியும் யோசித்திருப்பீர்கள். வினிகரை நம்பகமான கிருமிநாசினியாக எடுத்துக்கொள்ள முடியாது, சமையல் சோடா கிருமிநாசினியே இல்லை. தினசரித் தரைக்குச் சோப்புத் தண்ணீரில் துடைப்பதே போதும், கிருமிகளில் பெரும்பகுதி அழுக்கோடு போய்விடும். பச்சை இறைச்சி வெட்டிய இடம், வாந்தி, பேதி ஆன இடம் போன்றவற்றுக்கு மட்டும் முதலில் நன்றாகத் துடைத்துவிட்டு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்துப் பத்து நிமிடம் ஈரமாக விடுங்கள். வெளிச்சம் பட்டால் அது சிதையும், வாங்கிய கருநிற பாட்டிலிலேயே இருக்கட்டும். அதை வினிகருடன் ஒரே பாட்டிலில் கலந்தால் மூச்சுக்குழாயை அரிக்கும் பெரசிட்டிக் அமிலம் உருவாகும். ப்ளீச்சில் வினிகரோ வேறு அமிலமோ பட்டால் குளோரின் வாயு வரும், அது உயிருக்கே ஆபத்து. கழிப்பறையில் ஒருநாள் ப்ளீச் ஊற்றினால், நன்றாகத் தண்ணீர் விட்டு அலசும்வரை சிட்ரிக் அமிலத்தை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

யூகலிப்டஸ் தைலத்தை விட்டுவிடுங்கள். அது அழுக்கை எடுப்பதில்லை. சிறு குழந்தை சில மில்லி விழுங்கினாலே வலிப்பு வரை போகலாம். ‘இயற்கை’ என்று விற்கப்படும் போராக்ஸும் (வெங்காரம்) தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது.

கரைத்து வைத்த எதையும் குடிநீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். உள்ளே என்ன, என்றைக்குச் செய்தது என்று எழுதி ஒட்டி, பூட்டும் அலமாரியில் வையுங்கள். சிட்ரிக் அமிலத் தூளையும் சலவைச் சோடாவையும் பார்த்தால் சர்க்கரை, உப்பு போலவே இருக்கும். அவற்றைச் சமையலறை டப்பாக்களோடு வரிசையாக அடுக்க வேண்டாம்.