ஹாம்னெட்டின் அப்பா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷேக்ஸ்பியரின் இறந்துபோன மகனைப் பற்றிய ‘ஹாம்னெட்’ படம் பார்த்த சூட்டோடு மேகி ஓஃபாரலின் நாவலையும் வாங்கிப் படித்தேன். பாதியில் மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. என் தம்பி 12 வயதில் மஞ்சள் காமாலையில் போனவன். பதினாறு முடிந்த மறுநாளே அப்பா மளிகைக் கடையைத் திறந்துவிட்டார். அம்மாவுக்கு அது இன்னும் ஆறவில்லை. எந்தப் பேச்சு எடுத்தாலும் அங்கே போய் நிற்கும்.

அதனால்தானோ என்னவோ, பையனை அடக்கம் செய்துவிட்டு லண்டனுக்குக் கிளம்பும் அந்தக் கணவனை என்னால் பொறுக்க முடியவில்லை. போதாக்குறைக்குப் பையன் பெயரிலேயே ‘ஹாம்லெட்’ என்று நாடகம் போடுகிறான், மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். கடைசியில் நாவலாசிரியர் அவனை மன்னித்துவிடுகிறாரே, இது நியாயமா? பையன் நிஜமாகவே கொள்ளைநோயில்தான் இறந்தானா? இன்னொன்று, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தக் கதையை அவருக்குச் சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஹாம்னெட் எதனால் இறந்தான் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. 1585 பிப்ரவரி 2-இல் அவனுக்கும் உடன்பிறந்த இரட்டை ஜூடித்துக்கும் ஞானஸ்நானம். 1596 ஆகஸ்ட் 11-இல் அவனுக்கு அடக்கம். அவர்கள் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயப் பதிவேடு அதற்கு மேல் பேசுவதில்லை. கொள்ளைநோய் ஓஃபாரல் கொண்டுவந்தது. (அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு குரங்கிடமிருந்து தொற்றிய தெள்ளுப்பூச்சி, கப்பலேறிக் கண்ணாடி மணிப் பெட்டியோடு ஸ்ட்ராட்ஃபோர்ட் வந்து சேரும் அத்தியாயத்துக்காகவே அந்தச் சலுகையை அவருக்குக் கொடுத்துவிடலாம்.)

இனி அப்பா விஷயம். நாவலில் அவருக்குப் பெயரே கிடையாது, கவனித்திருப்பீர்கள். லத்தீன் வாத்தியார், கணவன், அப்பா, அவ்வளவுதான். உலகத்துக்கே தெரிந்த பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது, வெளியூரில் சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஓர் ஆள். வீட்டில் எது நடந்தாலும் அவருக்குக் கடைசியில்தான் தெரியவரும்.

அவர் ஊர் வந்து சேரும் இடத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவருக்குப் போன கடிதத்தில் இருந்தது ஜூடித்துக்கு உடம்பு முடியவில்லை என்ற செய்தி. மகள் போயிருப்பாள் என்று பயந்துகொண்டே வருகிறார். உள்ளே நுழைந்தால் ஜூடித் உயிரோடு நிற்கிறாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. அப்புறம்தான் துணி சுற்றிக் கிடத்தியிருக்கும் உடம்பு கண்ணில் படுகிறது. மற்றவர்கள் அழுது ஓய்ந்திருக்கும் வீட்டில், ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்ட குற்றத்தோடு அவருடைய துக்கம் ஆரம்பிக்கிறது. என்னைக் கேட்டால் நாவலில் ஆகக் கொடுமையான இடம் இதுதான், சாவு நிகழும் பக்கங்கள்கூட அடுத்ததுதான்.

அவர் மனைவி ஆக்னஸுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை அழுத்திப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறவள் அவள். வைத்தியம் கேட்டு ஊரே அவள் ஜன்னலைத் தட்டும். தன் மரணப் படுக்கையில் இரண்டு பிள்ளைகள் நிற்பார்கள் என்று முன்பே உணர்ந்தவள். பிறந்ததோ மூன்று. சரி, தங்காதது நோஞ்சானாகப் பிறந்த ஜூடித்தான் என்று முடிவுகட்டி, அவளையே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். சாவு ஹாம்னெட் பக்கம் வந்துவிட்டது. அதோடு, ஜூடித் படுத்துவிட்ட அந்தப் பிற்பகல், ஆள் தேடிப் பையன் வீடு முழுக்க ஓடியபோது அவளும் வீட்டில் இல்லை. ஒரு மைலுக்கு அப்பால் தேனீக்களோடு இருந்தாள்.

கணவன் லண்டனில் இருந்தது ஊருக்கே தெரியும். அவள் தோட்டத்தில் இருந்ததை யாரும் குற்றமாகச் சொல்ல மாட்டார்கள், அவளைத் தவிர. கணவன் மேல் அவளுக்கு வரும் கோபத்தில் பாதி அவள் மேலேயே வரவேண்டியது என்று நான் படிக்கிறேன். இதை ஓஃபாரல் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருவரையும் ஒரே அறையில் நிற்கவிட்டுப் பேசவிடாமல் செய்கிறார். 1597-இல் ஷேக்ஸ்பியர் நியூ பிளேஸ் என்ற பெரிய வீட்டை வாங்கியது வரலாறு. நாவலில் அந்த வீடும் பேசாத பேச்சுக்கு ஈடாக வருவதுதான்.

உங்கள் அம்மாவைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ நான் எதுவும் சொல்ல வரவில்லை. கடையைத் திறந்தவர் கல்லாவுக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மன்னிப்பைப் பற்றி எனக்கும் புகார் உண்டு. ஆத்திரத்தோடு லண்டன் போகிற ஆக்னஸ், நாடகத்தைப் பார்த்ததும் கரைந்துவிடுகிறாள். கலை துக்கத்தை ஆற்றும் என்று எழுதுவது எங்களைப் போன்றவர்கள் எங்களுக்கே எழுதிக்கொள்ளும் நற்சான்றிதழ். நிஜத்தில் எத்தனை பெண்கள் அதற்கு மசிவார்கள்? ஆனாலும் ஒன்று அந்த முடிவைக் காப்பாற்றிவிடுகிறது. தங்கைக்குப் பதிலாகத் தன்னைக் காட்டிச் சாவை ஏமாற்றலாம் என்று ஜூடித்தின் பக்கத்தில் போய்ப் படுத்து இடம் மாற்றிக்கொண்டவன் ஹாம்னெட். மேடையில் செத்துப்போன தகப்பனின் ஆவியாக வருவது அப்பா, உயிரோடு நிற்பது பையன் பெயர்கொண்ட இளவரசன். மகன் படுக்கையில் செய்ததை அப்பா மேடையில் செய்கிறார். ஷேக்ஸ்பியர் அந்த ஆவி வேஷம் கட்டினார் என்பது பழைய செவிவழிச் செய்தி, 1709-இல் நிக்கலஸ் ரோ எழுதிய வாழ்க்கைக் குறிப்பிலேயே வருகிறது. அந்த ஒற்றை வரியை ஓஃபாரல் பிடித்துக்கொண்ட விதத்தில் எனக்குப் பொறாமைதான்.

யாரும் அதிகம் பேசாதது ஜூடித்தைப் பற்றி. அண்ணன் விட்டுக்கொடுத்த உயிரோடு அவள் 1662 வரை, 77 வயது வரை இருந்தாள். பிறந்த மூன்று ஆண்பிள்ளைகளில் ஒன்று கைக்குழந்தையாகவே போயிற்று, மற்ற இருவரும் 1639-இல் அடுத்தடுத்து. நாவல் அவ்வளவு தூரம் போகவில்லை.

அம்மாவுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். ஷேக்ஸ்பியர் பெயரை எடுக்காமல், ‘வெளியூரில் வேலை பார்த்த ஒருத்தர்’ என்றே ஆரம்பியுங்கள். அப்பாவும் காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் நல்லது.