டுப்ரோவ்னிக் கோட்டை நகரை ஒரே நாளில் பார்க்க எந்த வரிசை சரி? அவ்வளவு காசு கொடுத்து மதில்மேல் நடப்பது தேவையா?

தேவைதான். குரோஷியாவின் அட்ரியாட்டிக் கரையில் உள்ள அந்த ஊரில் டிக்கெட் எடுத்துப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், அது மதில்தான். மற்றவை நேரம் மிஞ்சினால்.

மதிலின் சுற்று 1,940 மீட்டர். உயரம் சில இடங்களில் 25 மீட்டர். மேலே ஒருவழிப்பாதை, கடிகாரச் சுற்றுக்கு எதிராக, நம்மூர்க் கணக்கில் அப்பிரதட்சிணமாகத்தான் நடக்க விடுவார்கள். ஏறுவதற்கு மூன்று இடங்கள்: மேற்கே பீலே வாசல், கிழக்கே ப்ளோச்சே வாசலுக்கு அருகில் புனித லூக்கா தேவாலயத்தை ஒட்டி, தென்கிழக்கே துறைமுகத்தின் புனித யோவான் கோட்டை. பெரும்பாலோர் பீலேயில்தான் ஏறுகிறார்கள். நகரப் பேருந்துகள் அங்கே நிற்கின்றன. க்ரூஷ் துறைமுகத்தில் இறங்கும் சொகுசுக் கப்பல் பயணிகளும் அங்கேதான் வந்து குவிவார்கள். அங்கே ஏறினால் முதலில் கடலோர மதில் வரும். ஊரிலேயே உயரமான மின்ச்சேட்டா கோபுரத்துக்கான படிகள் கடைசியில், கால் சோர்ந்து வெயிலும் ஏறிய பிறகு வரும்.

கோடையில் காலை 8 மணிக்குத் திறக்கும்போதே ப்ளோச்சே பக்கம் ஏறுங்கள். வடக்கு மதிலின் ஏற்றம் முழுவதும் வெயில் ஏறும் முன்பே முடிந்துவிடும். கப்பல் கூட்டம் பீலேயில் வரிசை கட்டுவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிடலாம். நின்று நிதானமாகப் பார்த்தால் முழுச் சுற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இதில் ஒரு குறை உண்டு: மின்ச்சேட்டாவிலிருந்து ஊரைப் பார்த்தால் காலை வெயில் கண்ணெதிரே அடிக்கும். படம்தான் முக்கியம் என்றால் மாலையில், மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக ஏறுங்கள்.

மேலிருந்து கூரைகளைக் கவனியுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு ஓடுகள் பெரும்பாலும் புதியவை. மங்கிய பழுப்பு ஓடுகள் பழையவை. 1991-92-இல் யூகோஸ்லாவியப் படை நடத்திய முற்றுகையில் பழைய நகரின் 824 கட்டடங்களில் 563 குண்டடி பட்டன. புதிய ஓடுகள் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு அதுதான் காரணம். நகரம் 1979-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. அந்தத் தகுதி குண்டுகளைத் தடுக்கவில்லை.

டிக்கெட் விஷயம். மதிலுக்கு மட்டும் சமீப ஆண்டுகளின் சீசன் விலை 35 முதல் 40 யூரோ. டுப்ரோவ்னிக் பாஸ் என்ற ஒருநாள் அட்டையும் ஏறக்குறைய அதே விலைதான். அதில் மதிலோடு ஆளுநர் அரண்மனை, சில அருங்காட்சியகங்கள், நகரப் பேருந்து எல்லாம் அடக்கம். எனவே தனி டிக்கெட் எடுப்பதில் அர்த்தமில்லை. டிக்கெட்டையோ பாஸையோ கடைசி வரை பத்திரமாக வைத்திருங்கள். பீலே வாசலுக்கு வெளியே பாறைமேல் நிற்கும் லொவ்ரியேனாட்ஸ் கோட்டைக்கும் அதுவே செல்லும். தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மேலே நிழல் குறைவு; விற்கும் தண்ணீர் விலை அதிகம். பீலே வாசலுக்கு உள்ளே 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒனோஃப்ரியோ நீரூற்றுக் குழாய்களில் வருவது குடிநீர்தான். பாட்டிலை முதல்நாள் மாலையே நிரப்பிவைத்துக்கொள்வது வசதி, ஏனென்றால் ப்ளோச்சே வாசல் ஊரின் மறுகோடி. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். முக்கியத் தெருவான ஸ்த்ரதூனின் சுண்ணாம்புக்கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும். மழை பெய்தால் வழுக்கும்.

மதிலுக்குள் அறை எடுப்பவர்கள் எத்தனை படி என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஸ்த்ரதூனுக்கு வடக்கே உள்ள சந்துகள் எல்லாம் செங்குத்தான படிக்கட்டுகள்; வண்டி வராது, பெட்டியை நீங்களேதான் தூக்க வேண்டும்.

போகும் வழியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டுப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது. ஸ்ப்ளிட் நகரம் வரை ரயிலில் வந்து பேருந்து பிடித்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவே நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவின் கடற்கரைத் துண்டு குறுக்கிடுகிறது. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அதைத் தொடாமலே போகலாம். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், சேர்ந்தது. அன்றே யூரோவுக்கும் மாறியது. பழைய நாணயமான குனாவில் விலை போட்டிருக்கும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா இருந்தால், டிக்கெட் எடுக்கும்போதே பேருந்து பாலம் வழியா நேயும் வழியா என்று கேளுங்கள். உள்ளூர் ஏஜென்ட்கள் விற்கும் மோஸ்தார், கோட்டோர் ஒருநாள் சுற்றுலாக்களும் ஷெங்கனில் இல்லாத போஸ்னியா, மான்டெனீக்ரோ எல்லையைத் தாண்டுபவை. தாண்டிய நொடியில் அந்த விசா தீர்ந்துவிடும், திரும்பி உள்ளே வர முடியாது. அந்த ஊர்களும் திட்டத்தில் இருந்தால், விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு விசா கேளுங்கள்.