பேத்தியை விட்டுவிட்டுக் கரடிகளிடம் போகலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு, வணக்கம்.

எனக்கு 60 வயது. திண்டுக்கல் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, போன மே மாதம் ஓய்வு பெற்றேன். கணவர் பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் இருந்து இறந்தார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் சென்னையில், மகள் கோவையில். நான் ரிட்டயர் ஆனதும் சென்னைக்குப் போய் மூன்று வயதுப் பேத்தியைப் பார்த்துக்கொள்வேன் என்று வீட்டில் முடிவு செய்துவைத்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

எனக்கு ஏழு வயதில் தூக்கத்தில் அலறும் பழக்கம் இருந்தது. தெருவுக்குக் கரடிக்காரர் வந்தபோது, பயம் தெளியட்டும் என்று அப்பா என்னைத் தூக்கிக் கரடியின் முதுகில் உட்கார வைத்தார். கரடிக்காரர் அதன் முடியைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்துக் கொடுத்தார். நான் சிரித்தேன், கை தட்டினேன். இறங்கும்போதுதான் அதன் மூக்கைப் பார்த்தேன். கயிறு நுழைந்த இடம் புண்ணாகி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அந்த மூக்கு 53 வருடமாக என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இரண்டு வருடம் முன்பு செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வருடக்கணக்காகக் கூண்டில் கிடந்த கரடிக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அது வெளியே வராமல் புல்லில் ஒரு காலை வைக்கிறது, எடுக்கிறது, வைக்கிறது. அது நான்தான் என்று தோன்றியது. அதிலிருந்து தேடிப் படித்து, கம்போடியாவில் ப்னாம் தமாவ் என்ற இடத்தில் உள்ள கரடிக் காப்பகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். தன்னார்வலர்களை ஏற்கிறார்கள். நான்கு வாரம் போய் வேலை செய்ய ஆசை. பணம் என் சேமிப்பிலேயே இருக்கிறது.

மகனிடம் சொன்னேன். "பேத்தியைப் பாத்துக்க ஆள் இல்ல, நீ கரடியைப் பாத்துக்கப் போறேங்கிறியா?" என்றான். மருமகள், "கரடி இங்க இல்லையா அத்தை, ஏன் அவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். மகள் போனில் "போம்மா" என்கிறாள், அண்ணன் எதிரில் பேசுவதில்லை. இதுவரை நான் விமானம் ஏறியதில்லை. குழந்தையை விட்டுவிட்டு மிருகத்திடம் போக நினைப்பது தப்பா? எனக்கு ஏதாவது கோளாறா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

உங்களுக்குக் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் போகலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவதில் சில விஷயங்கள் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம்.

அந்தக் கரடியிலிருந்து தொடங்குகிறேன். வித்தைக் கரடிகளுக்குக் குட்டியிலேயே, மயக்க மருந்து எதுவும் இல்லாமல், காய்ச்சிய கம்பியால் மூக்கைத் துளைத்துக் கயிறு கோப்பார்கள். பல்லையும் உடைத்துவிடுவார்கள். முதுகில் உட்கார்ந்த ஏழு வயதுப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? மகள் ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று தவித்த உங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. அந்த வயதில் சிரித்ததற்காக 60 வயதில் உங்களைத் தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கரடிகளின் கதை எப்படி முடிந்தது என்று தெரியுமா? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மேரி ஹட்டன் என்ற பெண்மணி, கரடிகளைக் கூண்டில் அடைத்துப் பித்தநீர் எடுக்கும் கொடுமையை 1993இல் தொலைக்காட்சியில் பார்த்தார். மனசு கேட்காமல் கடைவீதியில் நின்று கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். 1995இல் அது 'ஃப்ரீ த பேர்ஸ்' என்ற அமைப்பானது. இந்தியாவில் வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு வித்தைக் கரடிகளை மீட்டபோது அதற்குப் பெரிய பண உதவி இவர்களிடமிருந்து வந்தது. கரடியை ஒப்படைத்த கலந்தர் குடும்பங்களுக்கு, அதாவது தலைமுறையாகக் கரடி வித்தை காட்டிவந்த சமூகத்தாருக்கு, வேறு தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும் கொடுத்தார்கள். கரடிக்காரரும் வயிற்றுப்பாட்டுக்குத்தானே தெருத்தெருவாக அலைந்தார்? 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீண்டன. 2009 டிசம்பரில், கடைசி வித்தைக் கரடி என்று சொல்லப்பட்ட கரடி பெங்களூரு பக்கம் பன்னேர்கட்டாவுக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் போக நினைக்கும் ப்னாம் தமாவில் கரடிகளைப் பராமரிப்பதும் அதே 'ஃப்ரீ த பேர்ஸ்'தான். உங்கள் தெருவில் நின்ற கரடிக்கும் அந்தக் காட்டுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

ஆனால் ஒன்று, அங்கே நீங்கள் எந்தக் கரடியையும் தொட முடியாது. குட்டியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அழைக்கும் இடம் எதுவானாலும் அது காப்பகம் இல்லை, அங்கே போகவே போகாதீர்கள். நல்ல காப்பகத்தில் கரடியை உள்ளறையில் அடைத்த பிறகுதான் வெளிக்கூடத்தைச் சுத்தம் செய்ய விடுவார்கள். சாணம் அள்ள வேண்டும், கூடை கூடையாகக் காய் நறுக்க வேண்டும், மூங்கில் குழாயில் உணவைத் திணித்துக் கட்ட வேண்டும். காட்டில் தோண்டியும் நக்கியும் தேடித் தின்னும் பிராணிக்கு, சோற்றைத் தட்டில் வைத்துவிட்டால் நாள் முழுக்க வேறு வேலையே இருக்காது. அதனால்தான் இந்த மெனக்கெடல். அங்கே இருக்கும் சூரியக் கரடி உலகிலேயே சிறிய கரடி இனம். அது மூங்கிலுக்குள் நீள நாக்கை விட்டுத் துழாவுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பீர்கள். அது உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பழைய கரடியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இதனிடம் கேட்கலாம் என்று போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். அங்குள்ள கரடிகளில் சில கண்ணியில் பாதத்தை இழந்தவை. தாயை இழந்து குட்டியாக வந்தவை பல, அவற்றைப் பெரும்பாலும் காட்டில் விட முடியாது. கூண்டு வாழ்க்கையில் தொற்றிய பழக்கம், ஒரே இடத்தில் தலையை ஆட்டுவது, ஒரே தடத்தில் நடந்துகொண்டே இருப்பது, மீட்ட பிறகும் சில கரடிகளை விடுவதில்லை. அதைப் பார்த்து முதல் வாரத்தில் அழுகை வரும். அழுங்கள். அங்கேயே வருடக்கணக்காக வேலை செய்யும் கம்போடியப் பராமரிப்பாளர்களிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு கரடியின் சுபாவமும் அவர்களுக்குத் தெரியும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். அந்த வீடியோக் கரடி நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. அப்படி நினைத்தால் உங்கள் மகன் கூண்டுக்காரன் ஆகிவிடுவான். அவன் பேசியது குத்தியிருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் வேலைக்குப் போகும் இரண்டு பேர், மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு திணறும் பயமும் அந்தப் பேச்சில் கேட்கிறது.

மருமகள் கேட்டது நல்ல கேள்வி. நம் நாட்டில் ஆக்ராவிலேயே கரடிக் காப்பகம் இருக்கிறது, தன்னார்வலர்களையும் ஏற்கிறார்கள். அப்படியிருக்க ஏன் கம்போடியா? என் ஊகத்தைச் சொல்கிறேன், தவறென்றால் ஒதுக்கிவிடுங்கள். மூன்று வருடம் கணவரைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, ஊட்டினீர்கள். அதற்கு நடுவே பள்ளிக்கும் போனீர்கள். பிறரைப் பார்த்துக்கொள்வது உங்களுக்குச் சலித்திருந்தால் கரடிக்குக் காய் நறுக்கக் கடல் தாண்ட நினைப்பீர்களா? கேட்காமலே தலையில் ஏற்றி வைப்பதுதான் சலித்துவிட்டது. யாருக்கும் அம்மாவாக, அத்தையாக, டீச்சராக இல்லாமல் ஒரு மாதம் இருக்க ஆசைப்படுகிறீர்கள். அதில் தப்பே இல்லை. இதைக் கரடியின் பின்னால் மறைக்காமல் மகனிடம் இப்படியே சொல்லுங்கள்.

அனுமதி கேட்கும் குரலில் வேண்டாம், சண்டையாகவும் வேண்டாம். "இந்தத் தேதியில் போகிறேன், இந்தத் தேதியில் வந்துவிடுவேன். அந்த நாலு வாரத்துக்கு ஓர் ஆளை இப்போதே சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகு சென்னையில் எத்தனை மாதம், திண்டுக்கல்லில் எத்தனை மாதம் என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. மகளை அண்ணன் எதிரில் பேசச் சொல்லி நெருக்காதீர்கள், இது உங்கள் பேச்சு.

வெயிலில் குனிந்து நிமிரும் வேலை என்பதால் முழங்காலையும் ரத்த அழுத்தத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள், தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அது கைக்கு வருவதற்குள் மகனிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.