விளக்குக் கம்பம்வரை ஓடினால் போதும்: நெடுந்தூர ஓட்டம் பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரில் சமூக மன்ற ஓட்டக் குழு ஒன்றில் 14 ஆண்டுகளாகப் புதியவர்களோடு சேர்ந்து ஓடி வருகிறேன். 42.195 கிலோமீட்டர் மாரத்தானை ஒருமுறையாவது முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்த மாதம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஈசூன்): அக்கா, எனக்கு 46 வயது. பேருந்தைப் பிடிக்க ஓடினாலே மூச்சு வாங்குகிறது. அடுத்த டிசம்பரில் மாரத்தான் ஓடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். முடியுமா?

மாரத்தான் முடியும்மா, ஆனால் அடுத்த டிசம்பரில் வேண்டாம். அப்போது 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுங்கள். இப்போதைக்கு 42 என்ற எண்ணையே மறந்துவிடுங்கள். பூங்காக்களை இணைக்கும் பார்க் கனெக்டர் பாதையில் இரண்டு விளக்குக் கம்பம் நடை, ஒரு கம்பம் ஓட்டம். இருபது நிமிடம், வாரம் மூன்று நாள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கம்பத்தைக் கூட்டுங்கள். நான் பிடோக்கில் இப்படித்தான் ஆரம்பித்தேன். நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓட ஏழு மாதம் ஆனது. மாரத்தான் மூன்றாம் ஆண்டில்.

கேள்வி (செங்காங்): இரண்டே வாரத்தில் 8 கிலோமீட்டர் சுலபமாக ஓடினேன். இப்போது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு ஓடு என்கிறார்கள் நண்பர்கள்.

ஓடாதீர்கள் தம்பி. பலர் ஓட்டத்தைக் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு வேண்டும். தசைநாருக்கு ரத்த ஓட்டமே குறைவு. எலும்போ, ஒவ்வொரு ஓட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிதைந்து, ஓய்வில் திரும்பக் கட்டப்படுகிறது. கட்டி முடிவதற்குள் அடுத்த இடி விழுந்தால் அது வலியாகத் தெரியும். மூச்சு இன்னும் போகலாம் என்று சொல்லும் நாளில் கால் தயாராக இருப்பதில்லை. சிறிது சிறிதாகக் கூட்டுங்கள் என்று நான் சொல்வது ஆறுதலுக்காக இல்லை. உடம்பு ஒரு வாரத்தில் வாங்கிக்கொள்ளும் அளவே அவ்வளவுதான்.

வலி போகும்வரை நீச்சல் போதும். விரலால் அழுத்தும்போது ஒரே இடத்தில் சுரீர் என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். திரும்பி வரும்போது பழைய தூரத்தில் பாதியில் தொடங்குங்கள். இன்னொன்று: செவ்வாய், வியாழன் தவறவிட்டதை ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஓடித் தீர்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் நான் அதைச் செய்து நான்கு மாதம் ஓட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். போன நாள் போனதுதான். அடுத்த நாளுக்குரியதை மட்டும் ஓடுங்கள்.

கேள்வி (ஜூரோங்): 12 மணி நேர ஷிஃப்ட் வேலை. பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. பிரயோசனம் உண்டா?

நிச்சயம் உண்டு. உங்கள் புளோக் மாடிப்படியில் ஏறுங்கள், மின்தூக்கியில் இறங்குங்கள், முழங்கால் பிழைக்கும். நம் தீவின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா, 163 மீட்டர். இங்கிருந்து போன அணி 1998ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டது, 2009ல் பெண்கள் அணியும் தொட்டது. 8,849 மீட்டர் ஏறப்போகிறவர்கள் முதுகில் சுமையோடு மாடிப்படி ஏறி இறங்கித்தான் பழகினார்கள். பத்து நிமிடத்தை வேலைக்குக் கிளம்புமுன் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்து வந்தபின் என்றால் தூக்கம் ஜெயித்துவிடும்.

கேள்வி (தோ பாயோ): அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. தினமும் 3,000 காலடிதான் நடக்கிறார். 10,000 ஆகாது என்று கைக்கடிகாரத்தையே கழற்றி வைத்துவிட்டார்.

அந்தப் பத்தாயிரம் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்ற பொருளில் இருந்தது. எண் அங்கிருந்துதான் பரவியது. 3,000 நடக்கிறவருக்கு 3,500 நல்ல முன்னேற்றம். சாப்பிட்டபின் பத்து நிமிடம் புளோக்கைச் சுற்றி நடந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறையும். மருந்து எடுக்கிறவர் என்பதால் பலதுறை மருந்தக மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் நீங்களும் கூடவே நடங்கள்.

கேள்வி (புக்கிட் பாஞ்சாங்): ஓராண்டு முழுக்கப் பயிற்சி செய்தும் மாரத்தான் நேரத்தில் 3 நிமிடம்தான் குறைந்தது. வெறுத்துப்போகிறது.

1995ல் சியாங் மாய் தென்கிழக்காசிய விளையாட்டில் நம் எம். ரமேஷன் 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் மாரத்தான் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 2019வரை நின்றது. ஓட்டக்காரர் சோ ருய் யோங் அதை முறியடித்தபோது நேரம் 40 விநாடிதான் குறைந்தது. நாடு 23 ஆண்டுக்குமேல் காத்திருந்த 40 விநாடி அது. உங்கள் 3 நிமிடத்தைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி (பொங்கோல்): காலையில் எத்தனை மணிக்கு ஓடுவது நல்லது?

ஆறு மணிக்கு. சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடும், வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.